அடித்தளத்தை அரிக்கும் நீர்

கடற்கரைத் தலங்களுக்குச் சென்று அலையில் கால் நனைத்து நின்ற அன்பர் எவரும் ஒன்றை உணர்ந்திருப்பர். அலை வந்து மோதும்போது கால் அசைவதில்லை. அது திரும்பிச் செல்லும்போதுதான் குதிகாலின் அடியிலிருந்து மணல் நழுவுகிறது. இரண்டு மூன்று அலைகள் வந்து போன பின்னர்க் குதிகால் பள்ளத்தில் இறங்கி உடல் பின்புறமாகச் சாய்கிறது. நின்றவரின் எடை கூடவில்லை; அவரை எவரும் தள்ளவும் இல்லை. அவரைத் தாங்கியிருந்த மண்ணை நீர் எடுத்துச் சென்றுவிட்டது, அவ்வளவே. மண்ணரிப்பால் கட்டடங்களுக்கு நேரும் கேடு முழுவதும் இச்சிறு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. மனிதன் காலை எடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்வான். கோபுரத்திற்கும் மதிலுக்கும் அவ்வசதி இல்லை.

தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலமாகிய திருக்காளத்தியில் கிருஷ்ணதேவராயர் 1516ஆம் ஆண்டில் எடுப்பித்த ஏழு நிலை இராசகோபுரம், 2010ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் இரவு சரிந்து விழுந்தது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் வானளாவ நின்ற கோபுரம் சில நொடிகளில் செங்கற்குவியலாயிற்று. அதில் விரிசல் இருந்தது முன்பே அறியப்பட்ட செய்தி. இறுதி நாட்களில் அது விரைவாக அகலக் கண்டு, மக்கள் அப்பக்கம் செல்லாதவாறு விலக்கப்பட்டனர். அவ்வளவு பெரிய கட்டடம் விழுவதற்குக் காரணம் ஒன்றே ஒன்று என்று சொல்லிவிட இயலாது. மண்ணரிப்பே அதை வீழ்த்தியது என்பதும் இங்குச் சொல்ல வந்த கருத்தன்று. ஆயினும் வல்லுநர் ஆராய்ந்த பொருள்களுள் அடித்தளத்தின் வலிமையும் ஒன்றாக இருந்தது என்பது கருதத்தக்கது. அங்கே புதிய கோபுரம் எழுப்பப்பட்டு 2017இல் குடமுழுக்கும் நடந்தது. எனினும் இராயர் காலத்துச் செங்கல்லும் சுதையும் போனவை போனவையே.

மேலே உள்ள கலசம் ஊரார் எல்லார் கண்ணிலும் படும். கீழே உள்ள கடைக்கால் எவர் கண்ணிலும் படாது. ஆகவே திருப்பணி என்றவுடன் வண்ணம் பூசுதலும், சுதை வேலையும், மின்விளக்கு அமைத்தலும் நினைவுக்கு வருமளவு, மதிலோரத்தில் தூர்ந்து கிடக்கும் நீர்த்தூம்பு நினைவுக்கு வருவதில்லை. கோபுரத்தின் பாரத்தைத் தாங்குவது அந்தத் தூம்பைச் சார்ந்தும் இருக்கிறது என்றால் சிலர் வியப்பர். அது எவ்வாறு என்பதைக் காணலாம்.

மண் பாரத்தைத் தாங்குவது அதன் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி, பக்கவாட்டில் நகர இடமின்றி அடைபட்டுக் கிடப்பதனால் ஆகும். மணலை ஒரு பெட்டியில் இட்டு நிரப்பி அதன்மேல் எவ்வளவு பெரிய கல்லை வைத்தாலும் அது பெரிதும் அமுங்காது. அப்பெட்டியின் ஒரு பக்கத்தில் விரல் நுழையும் அளவு துளை செய்து சிறிது நீரையும் விட்டால், மணல் நீரோடு வெளியேறும், கல் சாயும். அடித்தளத்தின் கீழுள்ள மண்ணுக்கும் இதுவே விதி. மழை நீர் சுவரோரமாக ஓடி மேல்மண்ணை வாரிச் செல்லும் அரிப்பு ஒருவகை. அது கண்ணுக்குத் தெரியும். மற்றொரு வகை கண்ணுக்குத் தெரியாதது. ஓரிடத்தில் தேங்கிய நீர் மண்ணுக்குள் இறங்கி, தாழ்ந்த வேறோர் இடத்தில் வெளிப்படும்போது நுண்துகள்களை உடன்கொண்டு செல்கிறது. நாளடைவில் பூமிக்குள் குழாய் போன்ற வழி ஒன்று உண்டாகிறது. வழி பெரிதாகப் பெரிதாக நீரின் வேகமும், வேகம் மிக மிக மண் போவதும் மிகும். தரை மேலே ஒன்றும் அறியாததுபோல் இருக்கும். ஒருநாள் கருங்கல் தளவரிசை ஒன்று தட்டினால் வெற்றொலி எழுப்பும். அல்லது உட்சரிந்து விடும்.

நீரின் ஆற்றலைக் குறைவாக மதிப்பிடலாகாது. நீரோட்டத்தின் வேகம் இருமடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை இருமடங்கு ஆவதன்று. 64 மடங்கு ஆகும் என்பது நீரியலார் கணக்கு. மெல்ல ஊர்ந்து செல்லும் நீர் துகளை எடுக்கும். ஓடும் நீர் பருக்கைக் கல்லை எடுக்கும். பாயும் நீர் பாறையைப் புரட்டும். ஆகவே மண்ணரிப்பைத் தடுக்கும் கலை என்பது பெரும்பாலும் நீரின் வேகத்தை அடக்கும் கலையே.

எல்லா மண்ணும் ஒரே வகையாக அரிக்கப்படுவதில்லை. நுண்மணலும் சவுட்டு மண்ணும் விரைவில் கரைந்தோடும். களிமண் பிசுபிசுப்பு உடையதாதலின் எளிதில் பெயராது. ஆனால் களர் நிலத்துக் களிமண் இதற்கு விலக்கு; அதிலுள்ள உப்பின் தன்மையால் நீர் பட்டவுடன் பால்போல் கலங்கி ஓடிவிடும். அம்மண்ணின் ஒரு சிறு கட்டியைத் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் மெல்ல இட்டுச் சிறிது நேரம் அசைக்காமல் வைத்தால், கட்டியைச் சுற்றிப் புகைபோல் கலக்கம் பரவுவதைக் காணலாம். கட்டடம் எழுப்பும் முன் எவரும் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. கரிசல் மண்ணின் குறை வேறு. அது நனைந்தால் பருக்கும், உலர்ந்தால் சுருங்கும். வெடிப்புகளின் வழியே நீர் அடித்தளம் வரை இறங்கும்.

இவற்றையெல்லாம் பழைய சிற்பிகள் அறியாதவர் அல்லர். மயமதம் முதலிய சிற்ப நூல்கள் நிலத்தேர்வு பற்றிக் கூறும் முறை இங்குக் கருதத்தக்கது. ஒரு முழ அளவில் குழி தோண்டி, எடுத்த மண்ணையே மீண்டும் அக்குழியில் இட வேண்டும். மண் மிஞ்சினால் அந்நிலம் உத்தமம். சமமாக நின்றால் மத்திமம். குழி நிரம்பாமல் குறைந்தால் அதமம். குழியில் நீர் நிறைத்து மறுநாள் பார்க்கும் சோதனையும் உண்டு. இவற்றைச் சகுனம் என்று எண்ணி ஒதுக்கியோரும் உளர். சகுனம் என்று எண்ணியே போற்றியோரும் உளர். இரு சாராரும் அதன் பொருளைத் தவறவிட்டனர். மண் மிஞ்சுகிறது என்றால் அது பூமியில் நெருக்கமாக இறுகிக் கிடந்தது என்பது பொருள். குறைகிறது என்றால் இடைவெளி மிகுந்த தளர்ந்த மண் என்பது பொருள். நீர்ச் சோதனையோ மண் நீரை எவ்வளவு விரைவாக உள்ளே விடுகிறது என்பதைக் காட்டும். இன்று மண் ஆய்வுக்கூடங்களில் கருவிகள் கொண்டு அறியப்படுவனவும் இவ்விரண்டோடு ஒத்த அளவைகளே.

பாறை அல்லது நீர் தென்படும் வரை கடைக்கால் தோண்டுக என்பதும், மணலும் கல்லும் அடுக்கடுக்காக இட்டு நீர் விட்டு, யானைக்கால் போன்ற திமிசுக் கட்டைகளால் இடித்து இறுக்குக என்பதும் அந்நூல்கள் கூறும் முறை. அதன்மேல் உபபீடம், உபானம், சகதி, குமுதம் என அடுக்கடுக்காக எழும் அதிட்டானத்தின் அகலம் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. மேலிருந்து இறங்கும் பாரத்தை அது அகன்ற பரப்பில் பரப்புகிறது. தேங்கும் நீர் சுவரைத் தொடாதவாறு சுவரை உயர்த்தியும் வைக்கிறது.

கொடுங்கையைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்வது தகும். தாராமங்கலம், ஆவுடையார்கோயில் போன்ற தலங்களில் கொடுங்கையின் மெல்லிய கல்வேலையைக் கண்டு வியவாதார் இல்லை. சட்டமும் குமிழும் மரத்தால் செய்தவைபோல் கல்லில் தோன்றுவது சிற்பியின் கைத்திறன். ஆனால் கொடுங்கைக்குத் தொழில் ஒன்று உண்டு. கூரையில் விழும் மழையைச் சுவரில் வழியவிடாமல், அடித்தளத்திற்கு அப்பால் கொண்டுபோய்ச் சொட்டச் செய்வதே அத்தொழில். வளைந்து இறங்கும் அதன் முனையில் நீர் நின்று, துளியாகப் பிரிந்து விழுகிறது. ஊர்ப்புறத்துப் பழைய வீடுகளில் தாழ்வாரம் செய்ததும் இதையே. அதன் கீழிருந்த திண்ணை, சுவரின் அடியை மழைச்சாரல் தொடாதவாறு காத்தது. திண்ணையை இடித்து அறையாக்கி, தாழ்வாரத்தை வெட்டி மொட்டைச் சுவராக்கிய பின்னர், சுவரடி ஈரமாகிறதே என்று வருந்துவோர் பலர்.

இனி, நீர் எவ்வாறு வந்து சேர்கிறது என்பதைக் காண்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீராகும். ஓர் ஏக்கர் அளவுள்ள திருச்சுற்றில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால், வந்து விழும் நீர் ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் பதினேழு அளவு. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, ஐப்பசி கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் மூன்று மாதத்திற்குள் பெய்துவிடுகிறது. இந்த நீர் முன்னாளில் திருச்சுற்றின் சரிவில் ஓடி, மதிலின் அடியிலுள்ள தூம்பு வழியே வெளியேறி, பெரும்பாலான ஊர்களில் திருக்குளத்தை அடைந்தது. இப்பொழுது பல ஊர்களில் அது வெளியே செல்வதில்லை. வெளியிலிருந்து உள்ளே வருகிறது. காரணம் எளியது. தெருவில் பழைய தாரைப் பெயர்க்காமலேயே அதன்மேல் புதிய தார் இட்டு இட்டு, சாலை ஆண்டுதோறும் உயர்ந்தது. ஒரு காலத்தில் படியேறிச் சென்ற கோயிலுக்குள் இப்பொழுது படியிறங்கிச் செல்கிறோம். படி இறங்குவது அடியார்க்குப் பணிவாகலாம். கட்டடத்திற்கு அது கேடு. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய தார் இட வேண்டும் என்று ஊரார் முறையிட வேண்டிய இடம் இது.

திருச்சுற்று முழுவதும் சிமெண்டுத் தளம் போட்டால் மண்ணரிப்பு நீங்கும் என்று சிலர் கருதுகின்றனர். சரிவு சரியாக இருந்தால் ஓரளவு உண்மை. சரிவு தவறினால், மண்ணில் பரவலாக இறங்கியிருக்க வேண்டிய நீர் முழுவதும் திரண்டு, தளமும் சுவரும் கூடும் இடைவெளியில் ஒரே இடமாக இறங்கும். மண்தரையாக இருந்தபோது நேர்ந்ததைவிட அதுவே பெருங்கேடாக முடியும்.

மழையை மட்டும் குறை கூறுவதும் முறையாகாது. கருவறையிலிருந்து கோமுகை வழியே இறங்கும் திருமஞ்சன நீர் நாளொன்றுக்கு 200 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 73,000 லிட்டர் ஆகிறது. மழைக்குக் கோடை உண்டு. திருமஞ்சனத்திற்குக் கோடை இல்லை. கோமுகையின் கீழுள்ள தொட்டி விரிசல் கண்டோ, அதிலிருந்து செல்லும் கால் அடைபட்டோ இருந்தால், அவ்வளவு நீரும் நாள்தோறும் விமானத்தின் அடியிலேயே இறங்கும். பாலும் தயிரும் எண்ணெயும் படிந்து அக்கால் அடைபடுவது மிக எளிது. அதை வாரம் ஒருமுறை தூய்மை செய்வதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு மூங்கிற்கழியும் ஓர் ஆளும் போதும். அதுபோன்றே மடைப்பள்ளிக் கழிவுநீர், கால் கழுவும் இடத்துக் குழாய், மேல்நிலைத் தொட்டி வழிந்தோடும் நீர் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். மண்ணுக்குள் புதைந்த குழாயில் ஒரு நூல் அளவு கசிவு இருந்தால் அது இரவும் பகலும் ஓயாது.

பெருச்சாளி, விநாயகப் பெருமானுக்கு வாகனமாயினும் அடித்தளத்திற்கு நண்பன் அன்று. அது தோண்டும் வளை நீர் உட்புக ஆயத்தமான வாயில். கோபுரத்திலும் மதிலிலும் முளைக்கும் அரசும் ஆலும் செய்யும் கேட்டைப் பலர் அறிவர். அவற்றின் தண்டை மட்டும் வெட்டிவிட்டு வேரை விட்டுவைப்பது வீண் வேலை. அது மீண்டும் தழைக்கும். வேர் உள்ளேயே மடிந்து மக்கினாலும், அது இருந்த வழி மழைநீர் இறங்கும் துளையாகிவிடும். வேரை அகற்றிய இடத்தைச் சுண்ணாம்புக் காரையால் அன்றே அடைத்தல் வேண்டும். திருநாவுக்கரசர் பெருமான் தம் திருக்கையில் தாங்கிய உழவாரப் படை, கோயில் வெளியில் முளைத்த புல்லையும் செடியையும் செதுக்கும் கருவியே. அத்தொண்டைச் செய்யும் அன்பர் குழுக்கள் இன்றும் ஊர்தோறும் உள்ளன. செடி களையும்போதே தூம்பின் வாயையும் திறந்துவிட்டால் பணி முழுமை பெறும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: சரிவான கரையிலுள்ள அறுகம்புல்லை வேரோடு களைந்து தூய்மை செய்தல் கூடாது. மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அதுவே.

ஆற்றங்கரையில் அமைந்த தலங்களுக்கு வரும் இடர் பெரிது. அங்கே நீர் மேலிருந்து விழுவதன்று, பக்கத்திலிருந்து வந்து தோண்டுவது. வெள்ளத்தில் நிற்கும் தூணின் மேல் மோதும் நீர் கீழ்நோக்கித் திரும்பிச் சுழன்று, தூணின் அடியில் உள்ள மணலை அகழ்கிறது. வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது குழி மிக ஆழமாக இருக்கும். வடியும்போது மணல் மீண்டும் வந்து படிந்து குழியை மூடிவிடும். வெள்ளம் வடிந்த பின் பார்ப்பவர்க்கு ஒன்றும் நேராததுபோல் தோன்றும். ஆனால் படிந்தது தளர்ந்த மணல். அது பாரத்தைத் தாங்கும் இறுகிய மண் அன்று. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் காவிரியில் பெருவெள்ளம் வந்தபோது, திருச்சிராப்பள்ளியில் கொள்ளிடத்தின் குறுக்கே 1928 முதல் நின்ற பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. போக்குவரத்து முன்பே நிறுத்தப்பட்டிருந்தமையால் உயிர்கள் தப்பின. அம்மாதம் 22ஆம் நாள் இரவு, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் இருந்த 45 மதகுகளுள் 9 அடித்துச் செல்லப்பட்டன. ஆற்று மணலை அளவுக்கு மீறி அள்ளும் இடங்களில் படுகையே தாழ்ந்துவிடுவதால், முன்னர் மண்ணுக்குள் ஆழப் புதைந்திருந்த அடித்தளம் வெளியே தெரியத் தொடங்குகிறது. இவ்வகைக் கேட்டிற்கு அதுவும் துணை செய்வது.

அந்த மேலணைக்குக் கிழக்கே சிறிது தொலைவில் கல்லணை நிற்கிறது. கரிகாற்சோழன் எடுப்பித்தது எனப் போற்றப்படும் அவ்வணையின் அடித்தளம் பாறைமேல் அமைந்ததன்று. ஆழம் காண இயலாத மணற்படுகையில் அமைந்தது. ஓடும் ஆற்றில் பெருங்கற்களை இட்டனர். நீர் கல்லின் அடியிலுள்ள மணலை அரிக்கக் கல் கீழே இறங்கியது. அதன்மேல் மற்றொரு கல்லை இட்டனர், அதுவும் இறங்கியது. இவ்வாறு, இனி இறங்காது என்னும் நிலை வரும் வரை கல்லின்மேல் கல்லாக இட்டு, அதன்மேல் களிமண் சேர்த்து அணையைக் கட்டினர். எந்த அரிப்பு கட்டடத்தைக் கெடுக்குமோ, அந்த அரிப்பையே வேலையாளாகக் கொண்டு அடித்தளம் போட்ட அறிவு இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காவிரிப் பாசனத்தைச் சீர்செய்ய வந்த ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர், மணலில் அடித்தளம் இடும் முறையைத் தாம் இவ்வணையைக் கட்டியோரிடமே கற்றதாக எழுதினார். 1836இல் மேலணையும் கீழணையும், பின்னர்க் கோதாவரியில் தவளேசுவரம் அணையும் அவரால் எழுந்தன. கல்லணை நிற்க மேலணை சிதைந்தது கொண்டு, பழையது அனைத்தும் சிறந்தது எனத் துள்ளுவது பொருந்தாது. மேலணையும் 182 ஆண்டுகள் உழைத்த பின்னரே சிதைந்தது. அங்கே இப்பொழுது புதிய கதவணை கட்டப்பட்டுள்ளது.

ஆறு ஒரு திசையிலிருந்து வருவது. கடல் வந்து வந்து போவது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில், பல்லவ மன்னன் இராசசிம்மன் காலத்தது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக உப்புக்காற்றும் மணற்காற்றும் அதன் சிற்பங்களைத் தேய்த்து வந்துள்ளன. அலையின் வேகத்தை முறிக்கக் கடற்பக்கத்தில் பெருங்கற்கள் குவிக்கப்பட்டுள்ளன. மணற்காற்றை மறிக்கச் சவுக்கு மரங்கள் நடப்பட்டன. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது அக்கோயில் பெரும் சேதமின்றித் தப்பியது. அதே அலை வடக்கே சாளுவன்குப்பத்தில் மணலை அரித்துச் சென்றபோது, கல்வெட்டுள்ள பாறை ஒன்று வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்து தொல்லியல் துறையினர் அகழ, மண்ணுள் மறைந்திருந்த பழைய முருகன் கோயில் ஒன்று வெளிவந்தது. பல்லவர் காலத்துக் கற்கோயிலுக்கும் அடியில் அதனினும் பழமையான செங்கற் கோயில் இருந்தது. கடலலையாலேயே அது முன்னொரு நாள் அழிந்தது என்பது அகழ்ந்தோர் கருத்து. ஒரு கோயிலைப் புதைத்த கடல் பின்னர் அதையே காட்டியும் கொடுத்தது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திருச்செந்தூரில் கோயில்முன் கடற்கரை மணல் பல அடி ஆழத்திற்கு அரிக்கப்பட்டு, நீராடுவோர் இறங்க இயலாமற் போனது அன்பர்கள் அறிந்ததே. கடற்கரையில் ஓரிடத்தில் கல்லைக் குவித்தால் அவ்விடம் காக்கப்படும். ஆனால் அடுத்த இடத்திற்குச் சென்று சேர வேண்டிய மணல் மறிக்கப்பட்டு அங்கே அரிப்பு மிகக்கூடும். ஆதலின் கடலோரப் பணி ஒரு கோயிலார் தாமே முடிவு செய்யத்தக்கதன்று. கரை முழுவதையும் ஆராய்ந்த வல்லுநர் வழிப்படியே செய்யத்தக்கது.

ஊருள் அமைந்த கோயிலுக்கும் வீட்டிற்கும் தடுப்பு முறைகள் அவ்வளவு அரியன அல்ல. முதலாவது, சுவரிலிருந்து புறநோக்கிய சரிவு. சுவரடியிலிருந்து பத்தடி தொலைவிற்குள் தரை அரையடி தாழுமாறு மண்ணை இட்டு இறுக்க வேண்டும். மணலை இட்டுச் சரிவு செய்தல் பயனற்றது. நீர் அதனுள் இறங்கிச் சுவரையே அடையும். களிமண் கலந்த மண்ணே இதற்கு ஏற்றது. அதன்மேல் சுவரை ஒட்டி மூன்றடி அகலத்தில் கல் அல்லது காரைத் தளம் அமைத்து, தளமும் சுவரும் கூடும் இடைவெளியை அடைத்துவிட வேண்டும். மேற்கூரைக் குழாய் சுவரடியிலேயே நீரைக் கொட்டுவது பல வீடுகளில் காணும் குறை. நூறு சதுர மீட்டர் கூரையில் ஐந்து சென்டிமீட்டர் மழை 5,000 லிட்டர் ஆகும். அதைக் குழாயை நீட்டி அப்பால் விட வேண்டும். மழைநீர்ச் சேகரிப்புக் குழியையும் அடித்தளத்திற்கு மிக அருகில் அமைக்கலாகாது. நீரைச் சேமிக்கும் நல்ல நோக்கம், சுவரின் அடியில் நீரை இறக்குவதாக முடிந்துவிடக் கூடாது.

சரிவான கரைகளுக்குப் புல்லும் வெட்டிவேரும் தரும் காப்பு, கல் தருவதற்குக் குறைந்ததன்று. வெட்டிவேர் பக்கவாட்டில் படராமல் செங்குத்தாக மூன்று மீட்டர் அளவும் அதற்கு மேலும் இறங்கக் கூடியது. சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நெருக்கி நட்டால் ஓடும் நீரைத் தடுத்து மண்ணைப் படியச் செய்யும். இப்புல்லின் தமிழ்ப் பெயரே பிரெஞ்சு, ஆங்கிலம் முதலிய மொழிகளிலும் சென்று வழங்குகிறது. வெட்டி எடுக்கப்படும் வேர் என்பதால் வந்த பெயர் அது. ஆயினும் கரையைக் காக்க நட்டதை மணத்திற்காக வெட்டி எடுத்தால் கரை போய்விடும். புல் வேரூன்றும் வரை தென்னைநார் விரிப்பைப் பரப்பி வைப்பது நல்ல துணை. சில ஆண்டுகளில் அது மக்கி மண்ணோடு கலந்துவிடும். அதற்குள் புல் தன் வேலையை ஏற்றுக்கொள்ளும்.

திருக்குளப் படிக்கட்டுகள் மழைக்காலத்திற்குப் பின்னர்ச் சரிவதைப் பலவூர்களில் காணலாம். படிகளின் பின்னுள்ள மண் நீரால் ஊறிக் கனத்து முன்னே தள்ளுகிறது. குளத்து நீர் விரைவில் வற்றினால், எதிர்நின்று தாங்கிய நீரின் துணையும் போய்விடுகிறது. பழைய படிகள் சுண்ணமின்றி அடுக்கப்பட்டமையால் இடுக்குகளின் வழியே பின்னுள்ள நீர் கசிந்து வெளியேறிற்று. அழகுக்கென அவ்விடுக்குகளைச் சிமெண்டால் பூசி அடைத்தால், நீர் வெளியேற வழியின்றித் தேங்கிப் படியைத் தள்ளும். பூசத்தான் வேண்டும் என்றால் கசிவுத் துளைகள் விட வேண்டும். துளையின் பின்னே பெருஞ்சல்லி, சிறுசல்லி, மணல் என வடிகட்டும் அடுக்குகளும் வேண்டும். நீர் மட்டும் வர வேண்டும். மண் வரக் கூடாது. துளையில் கலங்கல் நீர் வந்தால் உள்ளே மண் போகிறது என்று அறிக.

அரிப்பு முன்பே நேர்ந்துவிட்ட இடத்தில் அவசரம் ஆகாது. அடித்தளத்தைப் பார்க்க வேண்டும் என்று சுவரின் நீளம் முழுவதும் ஒரே நாளில் அகழ்ந்துவிட்டால், அரிப்பு செய்யாததை மண்வெட்டி செய்துவிடும். ஒரு மீட்டர் அளவுள்ள பகுதிகளாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாக அகழ்ந்து, அடியிற் கட்டிப் பாரத்தை ஏற்றிய பின்னரே அடுத்ததைத் திறக்க வேண்டும். சாக்கடைக்கோ குழாய்க்கோ சுவரருகே பள்ளம் எடுப்பதிலும் இவ்வெச்சரிக்கை தேவை. அடித்தளத்தின் அடிமட்டத்திற்குக் கீழே எவ்வளவு ஆழம் தோண்டுகிறோமோ, குறைந்தது அவ்வளவு தொலைவாவது தள்ளித் தோண்ட வேண்டும். பழைய சுண்ணாம்புக் கட்டுமானத்தின் அடியிலுள்ள வெற்றிடத்தைச் சிமெண்டுக் குழம்பால் நிரப்பலாமா, சுண்ணாம்புக் குழம்பாலா என்பதை ஸ்தபதியும் பொறியாளரும் ஒருங்கிருந்து முடிவு செய்ய வேண்டும். நீர் வரும் வழியை அடைக்காமல் வெற்றிடத்தை நிரப்பினால், அடுத்த மழைக்கு அதன் பக்கத்தில் வேறொரு வெற்றிடம் உண்டாகும்.

ஆகவே மதிப்பீடு எழுதும் முன்னர், ஐப்பசி மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடையுடன் ஒருவர் திருச்சுற்றை வலம்வருவது நல்லது. நீர் எங்கே நிற்கிறது, எங்கே சுழல்கிறது, எங்கே கலங்கலாக ஓடுகிறது, எந்தத் தூம்பில் வெளியேறவில்லை என்பன அப்பொழுது தெரிவதுபோல் வெயிலில் தெரியா. தூம்புகளைத் திறக்கும் வேலை புரட்டாசிக்குள் முடிந்திருக்க வேண்டும். குடமுழுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. மழை ஆண்டுதோறும் வருகிறது.

சுவரில் விரிசல் கண்டால் அதை உடனே பூசி மறைத்தல் கூடாது. மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலின் குறுக்கே வைத்து, இரு முனைகளையும் சாந்தால் பதித்து, அருகில் நாளைக் குறித்து வைக்க வேண்டும். கோணலாகப் படிபோல் ஏறும் விரிசலாயின் மேலும் கீழும் இரண்டிடத்தில் பதிப்பது நன்று. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்த பின்னும் கண்ணாடி முழுமையாக இருந்தால், விரிசல் பழையது, அடித்தளம் அசையவில்லை என்று கொண்டு பூசிவிடலாம். இடையில் கண்ணாடி உடைந்திருந்தால், உடைந்த நாளைக் குறித்துக்கொண்டு அப்பகுதியை அன்றே அடைத்துவிட்டு, துறையின் பொறியாளருக்கு எழுத வேண்டும்.